ஒரு வீட்டுக்கு ஒரு காகிதம்

கீழ்வேளூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் அம்சத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. பன்னிரண்டு பெண்கள் கொண்ட நடவுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. வயது நாற்பத்தேழு. எட்டாவது வரை படித்தவள். கிராம சுகாதாரச் செவிலியராக முப்பத்தொரு வருஷம் அந்தப் பக்கத்தில் வேலை பார்த்த நான்தான் அவளுடைய இரண்டு பிரசவத்தையும் பார்த்தேன். இரண்டாவதற்கு முதல் நாள் மாலைவரை சேற்றில் நின்று நட்டாள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அவளை நன்றாகத் திட்டினேன்.

நடவுக் காலத்தில் அவள் யாரிடமும் முன்பணம் வாங்க மாட்டாள். முன்பணம் கொடுத்தவர் முதலில் கூப்பிடுவார், போயாக வேண்டும். அவளுடைய ஒழுங்கு வேறு. எந்த நாற்றங்காலில் நாற்று முற்றப்போகிறதோ அந்த வயலில் முதல் நடவு. பத்து ஏக்கர்காரரானாலும் சரி, முக்கால் ஏக்கர் குத்தகைக்காரரானாலும் சரி. ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் பணத்தோடு வாசலில் வந்து நின்றவர்களை அவள் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

போன ஆவணியில் அந்த ஒழுங்கை அவளே உடைத்தாள். காரணம் ஒரு காகிதம்.

மகள் எழில்மொழிக்கு அரசு வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணம் கிடையாது. அந்த வீட்டில் பட்டம் வாங்கியவர் ஒருவரும் இல்லை. அம்சத்தின் கணவன் தங்கையன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். சான்றிதழ் தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். நானும்தான்.

இ-சேவை மையம் நடத்தும் மூஸா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, இளம்பரிதிக்கு ஏற்கெனவே வாங்கியிருக்கீங்களே."

"ஆமா, அது ஆச்சு ஏழு வருசம்."

"வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் அக்கா."

"அவன்தான் படிக்கவே இல்லையேப்பா."

"படிச்சானான்னு இது கேக்கலக்கா. வாங்குனானான்னுதான் கேக்குது."

இளம்பரிதி மூத்த மகன். டீசல் மெக்கானிக் படிக்க ஐ.டி.ஐ.க்குப் போகத்தான் அவனுக்கு ஆசை. அந்த வருஷம் ஏதோ ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் ஆள் காரில் ஊர் ஊராக வந்து, சான்றிதழ் வைத்திருந்தால் ஃபீஸே இல்லை என்று ஆசை காட்டினான். கிடைக்கிறதை விட்டால் போய்விடும் என்று பயந்த அம்சம், பையனை அங்கே தள்ளினாள். பதினோரு பாடத்தில் தேறாமல் இரண்டே வருஷத்தில் அவன் திரும்பி வந்தான். இப்போது அறுவடை எந்திரம் ஓட்டுகிறான். நன்றாகவே ஓட்டுகிறான்.

அம்சத்தின் தவறை நான் மூடி மறைக்கப்போவதில்லை. வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறாளே, அவளுக்கு என்று எடுத்து வைப்போம் என அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஆனால் பதினேழு வயதில் ஒரு பையன் தப்பான படிப்பில் போய் உட்கார்ந்ததற்கு, ஏழு வருஷம் கழித்து அவன் தங்கை தண்டம் கட்ட வேண்டும் என்பது என்ன சட்டம்? அந்த வீட்டில் பட்டதாரியும் இல்லை, முதல் பட்டதாரிக்கு உரிய இடமும் காலியில்லை.

தாலுகா ஆபீஸுக்குப் போனோம். துணை வட்டாட்சியர் ஒரு பெண், பொறுமையாகத்தான் கேட்டார். இளம்பரிதி வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான். தலையெல்லாம் வைக்கோல் தூசி.

"மேடம், நான் அந்தக் காலேஜுக்கு ஒரு நாள்கூடப் போகலைன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"அது பொய் வாக்குமூலம் தம்பி. கேஸ் உன் மேல வரும்."

"வரட்டும் மேடம்."

"உனக்கு வரட்டும். கையெழுத்துப் போட்டா எனக்கும்ல வரும்."

எழில்மொழி அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "விடும்மா. ஆர்ட்ஸ் காலேஜ்ல சேந்துக்கறேன். அங்க ஃபீஸ் இல்ல."

"வாய மூடு" என்றாள் அம்சம்.

நான் முப்பத்தொரு வருஷம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டவள். எந்தக் குழந்தையின் தொடையைப் பிடித்தபோதும் அப்பாவுக்கு என்ன வருமானம் என்று கேட்டதில்லை. அண்ணனுக்குப் போட்டாகிவிட்டது, தங்கைக்குக் கிடையாது என்று சொல்லியிருந்தால் ஊரே சேர்ந்து என்னைச் செருப்பால் அடித்திருக்கும், அடிக்கவும் வேண்டும். மாடி வீட்டுக் குழந்தைக்கும் அதே ஊசிதான் போட்டேன். அதனால் எந்த அரசாங்கமும் திவாலாகவில்லை. ஊசிக்கு உள்ள புத்தி படிப்பு விஷயத்தில் மட்டும் எங்கே போகிறது?

வியாழக்கிழமை காலை அம்சம் சந்தானகிருஷ்ணன் வீட்டுக்குப் போனாள். கூட நானும் போனேன். அவர் சென்னையில் பேங்கில் இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, பத்து ஏக்கர் சாகுபடி செய்கிறவர்.

"வா அம்சம். நர்ஸம்மாவும் வந்திருக்கேளா? உக்காருங்கோ."

அம்சம் உட்காரவில்லை. "சம்பா நடவுக்கு முன்பணம் வேணுங்க."

அவர் சிரித்தார். "மூணு வருஷமா நான் நீட்டறேன், நீ தட்டி விடறே. இப்ப மட்டும் என்ன, விதைக்கறதுக்கு முன்னாடியே என் நாத்து முத்திடுத்தா?"

அம்சம் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"தரேன். ஆனா முதல் நடவு என்னோட வயல்ல. சரிதானே?"

"சரிங்க."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எல்லோருக்கும் இலவசம் என்று வைத்திருந்தால் இவள் இங்கே நிற்க வேண்டுமா என்றேன்.

"அதெப்படி நியாயம், நர்ஸம்மா? எம் பேத்தி அம்ருதாவுக்கும் சேத்தா இலவசம்? நாங்க கட்டிக்கறோமே. இல்லாதவாளுக்கு மட்டும் குடுக்கட்டும்."

"நீங்க படிக்கறப்ப என்ன கட்டுனீங்க?"

"எங்க காலத்துல பேருக்கு ஏதோ கட்டினோம். அது வேற."

"என்ன வேற?"

அம்சம் சொன்னாள்.

"உங்க பேத்தியும் கட்ட வேணாங்கய்யா. வசதி இருக்குன்னா உங்ககிட்ட வரியா வாங்கிக்கட்டும். நான் இல்லாதவதான்னு எழுதி எடுத்துக்கிட்டு எம்பொண்ணு நாலு ஆபீஸ் ஏற வேணாம். ஏற விட்டுட்டு, போடின்னும் சொல்ல வேணாம்."

"நன்னாப் பேசறே" என்றார். உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து கொடுத்தார். அவர் நல்ல மனிதர்தான். எனக்கு எரிகிற இடமே அதுதான். அரசாங்கம் கொடுக்க வேண்டியதை நல்ல மனிதர் ஒருவர் கொடுத்தார். பதிலுக்குப் பன்னிரண்டு பெண்களின் கை அவர் வயலுக்குக் கட்டுப்பட்டுவிட்டது.

அன்று மத்தியானம் களையெடுத்துவிட்டுக் கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழுவிடம் அவள் அதைச் சொன்னாள்.

"ஜெய்னுலாபுதீன் பாய் இந்தத் தடவ முன்னாடியே நாத்து விடறாரேக்கா. முத்திருமே" என்றாள் ஒருத்தி. பாய்க்கு இருப்பது அந்த முக்கால் ஏக்கர் குத்தகை மட்டும்தான்.

"தெரியும்."

"கரையில நின்னு திட்டுவாரு."

"திட்டட்டும். கேட்டுக்கறேன்."

"அப்ப நாம பன்னெண்டு பேருந்தான் காலேஜு போறோம்னு சொல்லு. பட்டம் குடுக்கறப்ப எனக்கு முன் வரிசை" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். அம்சம் சிரிக்கவில்லை. கட்டப்போவது முதல் பருவத்துக்கு மட்டும். இன்னும் ஏழு பருவம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் போனபோது கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: குடும்பத்தில் முதல் பட்டதாரியா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். எழில்மொழி பேனாவோடு நின்றாள்.

"இதுல என்னங்க போடறது?"

கவுன்டரில் இருந்தவர் நிமிரவில்லை. "சர்டிபிகேட் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப இல்லைன்னு போடு."

அம்சம் குனிந்து கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். "எங்க வீட்ல யாரும் படிக்கலைங்க. இவதான் மொதல்ல."

"சர்டிபிகேட் இல்லன்னா இல்லைதாம்மா. பின்னால ஆளு நிக்குது பாருங்க."

எழில்மொழி 'இல்லை' கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்தாள். பணம் கட்டியதும் ரசீது வந்தது. அம்சம் அதை வாங்கி, ஓரமாக வந்து, ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கல்விக் கட்டணம் என்ற வரியில் விரலை வைத்தாள்.

"இதானம்மா அது?"

ஆமாம் என்றேன். அவள் விரல் தாளின் தலைப்புக்கு நகர்ந்தது.

"மேல அரசுக் கல்லூரின்னுதான போட்டிருக்கு?"