கடல் வீட்டுக்குப் போன திருஷ்டிப் பொம்மை

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பெங்களூரில் குந்தாபுரா பஸ் ஏறினேன். படுக்கை டிக்கெட் தொள்ளாயிரத்து ஐம்பது. தலைமாட்டில், என் மனைவி சிவாஜிநகரில் வாங்கிய திருஷ்டிப் பொம்மை: கறுப்பு முகம், பிதுங்கிய கண், முகவாய் தாண்டித் தொங்கும் சிவப்பு நாக்கு. பழைய ஆபீஸ் நண்பன் சேகர் கடலோரம் கட்டியிருக்கும் வீட்டுக்கு எங்கள் பரிசு.

"இதைவிட நல்லதா ஒண்ணும் கிடைக்கலையா?" என்று கேட்டிருந்தேன்.

"உங்க கண்ணு எனக்குத் தெரியும். முதல்ல இதை மாட்டிட்டு, அப்புறமா வீட்டைப் பாருங்க."

நியாயம்தான். காக்ஸ் டவுனில் நாங்களும் போன வருஷம்தான் வீடு கட்டினோம். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு பாத்ரூம் குழாய். சேகர் வீட்டில் ஒரே ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று சபதம் செய்துகொண்டு போர்வையை இழுத்தேன். எதிர்ப் படுக்கைக்காரர், "சார், அந்த மூஞ்சியைக் கொஞ்சம் அந்தாண்ட திருப்பி வையுங்க" என்றார். என்னுடையதைச் சொல்லவில்லை என்றே நம்புகிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு. மரவந்தேக்கு ஆட்டோ நானூறு ரூபாய். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் ரோடு. வீட்டை மட்டும் காணவில்லை. தாழம்புதருக்குள்ளிருந்து சேகர் கை காட்டினான்.

"ரெண்டு தடவ தாண்டிப் போனியே, குரு!"

ஒரு தென்னையைக்கூட வெட்டாமல், மரங்கள் விட்டுக்கொடுத்த இடத்தில் மூன்று அறைகள். சுவர் அந்த ஊர்ச் செம்புரைக்கல். மண் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். மணல் மேடு இறங்கினால் வீடும் கூடவே இரண்டு படி இறங்குகிறது. ஜன்னல்கள் தாழ்வாக இருக்கின்றன. நின்றால் மணல் தெரிகிறது. உட்கார்ந்தால் கடல் மடியில் வந்து விழுகிறது. எனக்கு வயிறு எரிந்தது. கீல்களில் துரு தேடினேன். எல்லாம் பித்தளை. பாவி.

பொம்மையை நீட்டினேன்.

"எங்கடா மாட்டுறது? ரோட்டுல போறவனுக்கு வீடே தெரியாது. யாருடா கண்ணு வெக்கப்போறான்?"

"நான் வந்திருக்கேன்ல!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்த தென்னையில் நானே ஆணி அடித்து மாட்டினேன். எட்டி நின்று பார்த்தபோது, ஆகா! அத்தனை அழகுக்கும் நடுவே அசிங்கமாக ஒன்று. தேடி வந்த குறை கிடைத்துவிட்டது. கையோடு கொண்டுவந்ததும் நானே.

மத்தியானம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கடல் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த நாக்கு குறுக்கே வந்தது. ஞாயிறு காலை, கிளம்புமுன், பொம்மையைக் கழற்றினேன்.

"ஏன்டா கழட்டுற?"

"கடலை மறைக்குதுடா."

ஆணியை மட்டும் சேகரே பிடுங்கி, மரத்தைத் தடவிக்கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் வாசல் கதவுக்கு உள்பக்கமாகப் பொம்மையை மாட்டினேன்.

"அது வெளியே பார்த்துல்ல இருக்கணும்?" என்றாள் மனைவி.

"நம்ம வீட்டுக்கு வெளியாள் யாரும் கண்ணு வெக்க மாட்டான். ஆளு உள்ளதான் இருக்கான்."