கேரல் வீட்டு ஹிக்கரி விறகு

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஹூஸ்டனிலிருந்து கிளம்பி, பிற்பகலில் நெவார்க்கில் இறங்கினேன். அங்கிருந்து பிரிட்ஜ்வாட்டர் சுமார் முப்பது மைல். அங்கே வசிக்கும் என் கல்லூரித் தோழி செல்வியின் கணவர் முருகேசன் இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். சமையலுக்கும் துணைக்குமாகப் போனேன்.

சனிக்கிழமை விடிந்தபோது மரக்கிளைகளெல்லாம் பனிக்கட்டியில் உறைந்திருந்தன. கரண்ட் இல்லை; ஹீட்டர் நின்றுவிட்டது. போர்வைகளுக்குள்ளும் முருகேசன் நடுங்கினார்.

"அவருக்குக் கை காலெல்லாம் ஜில்லுனு இருக்குடீ. ஹோட்டலுக்கு டிரைவ் பண்ணலாம்னா ரோடு பூரா ஐஸ்," என்றாள் செல்வி.

அப்போதுதான் பக்கத்து வீட்டு கேரல் வந்தார். எழுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் பனியில் சறுக்கும் பலகையில் விறகை ஏற்றி இழுத்து வந்திருந்தார். ஹிக்கரி விறகு. டெக்சஸில் இறைச்சி வாட்டும் கடைகளின் புகையாக மட்டுமே நான் அறிந்த மரம். நன்றாகக் காய்ந்தால் புகை குறைவு, தணல் வெகுநேரம் நிற்கும் என்றார். செல்வி வீட்டு ஃபயர்பிளேஸில் அதுவரை யாரும் தீ மூட்டியதில்லை. புகைபோக்கியின் மூடியைத் திறந்து, சிறாய் சீவி, கேரலே மூட்டினார். அவருடைய கைக்கோடரியின் பிடியும் ஹிக்கரிதான். எத்தனை அடிக்கும் தாங்குமாம்.

கோட்டுப் பையில் ஒரு டப்பா ஹிக்கரிப் பருப்பு வைத்திருந்தார். அந்தக் கொட்டையின் ஓடு கல் மாதிரி. சுத்தியலால் உடைத்து ஊசியால் நோண்டி எடுக்க வேண்டும். வால்நட் போன்ற ருசி, கசப்பில்லை. செல்வி அதை இடித்து, தணலில் வைத்த கஞ்சியில் கலந்தாள். முருகேசன் இரண்டு கிண்ணம் குடித்தார். நடுக்கம் நின்றது.

மாலையில் இன்னொரு சுமையோடு வந்த கேரல், எங்களோடு தீயருகே உட்கார்ந்தார்.

"யார் பிளந்து தர்றாங்க ஆன்ட்டி?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"என் கணவர் பிளந்தது. அடுக்கி வெச்சுட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். ரெண்டு குளிர்காலமா நான் தொடலை."

தீயில் போட எடுத்த கட்டை செல்வி கையிலேயே நின்றது. கேரல் அதை வாங்கி, பட்டையை ஒருமுறை தடவி, தீயில் வைத்தார்.

ஞாயிறு மதியம் கரண்ட் வந்தது. ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்கள் கார் மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

திங்கள் காலை விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். கேரல் வீட்டு வாசலில் அவர் கணவர் விறகு அடுக்கியிருந்த இடம் காலி; அவ்வளவும் எங்கள் தீக்கு வந்துவிட்டிருந்தது. உதிர்ந்த பட்டைத் தூளை அவர் கூட்டிக்கொண்டிருந்தார். செல்வி காரை நிறுத்தினாள். இறங்கிப் போனேன். துடைப்பத்தை வாங்கி, மீதி இடத்தை நான் கூட்டினேன்.