புண்ணியம் படிக்கப் போன பெண்

முன்னறையில் தையல் மெஷின் சட்டென்று நின்றது.

பின்னறையில் குப்புறப் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். அம்மாவின் மெஷின் இரண்டே காரணங்களுக்காகத்தான் பாதித் தையலில் நிற்கும். நூல் அறுந்திருக்க வேண்டும், அல்லது அத்தை வந்திருக்க வேண்டும்.

"எங்கே அந்தப் புண்ணியவதி?"

நூல் அறுந்திருக்கவில்லை.

மகள் புத்தகத்தை மூடினாள். ஒரு வாரமாக அவள் பயந்துகொண்டிருந்த நேரம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேவிட்டது.

அவளுக்குக் கல்லூரியில் 'பிரகடனம்' என்று பெயர். தண்ணீர் வேண்டுமென்றால்கூட மேடையில் நிற்பதுபோலத்தான் கேட்பாள். படித்தது வணிகவியல். நூலகத்தில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறதே என்று ஒரு மத்தியானம் ஒதுங்கியவள், கைக்கு எட்டிய புத்தகத்தை எடுத்தாள். அன்றோடு போயிற்று வரவும் செலவும். ஒரு குளிர் தேசத்தில் பெண்கள் எல்லோரும் ஒரு நாள் அடுப்பையும் அலுவலகத்தையும் அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் வந்து நின்றார்களாம். இன்னொரு நாட்டில் ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்குப் போய்ப் பட்டினி கிடந்தார்களாம். வேறெங்கோ காலிப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டே ஊர்வலம் போனார்களாம். படிக்கப் படிக்கக் கண்கள் குளமாயின. மறுநாளே தன் வீட்டிலும் ஒரு வேலைநிறுத்தம் தொடங்கினாள். அவள் எந்த வேலையும் செய்யவில்லை என்பதை, வழக்கமாகவே எதுவும் செய்யாதவள் என்பதால், இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த படிப்பு கணக்கியலா, இந்தப் போராட்டங்களா என்று நாளைக் காலையில் கல்லூரியில் சொல்லியாக வேண்டும். அப்பா லாரி ஓட்டுபவர். எத்தனையோ மேடு பள்ளங்களைத் தாண்டியவர், தன் அக்காவின் பேச்சை மட்டும் தாண்ட மாட்டார். அந்த அக்காதான் இந்த அத்தை; ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வுபெற்றவள். டாக்டர்களே எழுந்து நிற்பார்கள் என்று கேள்வி.

போன வாரம் மகள் முன்னறைக்கு வந்து பிரகடனம் செய்தாள். "அம்மா, நான் உலகப் பெண்ணிய இயக்கங்களைப் பத்திப் படிக்கப் போறேன்!" மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் உதடுகளுக்கிடையே வரிசையாகக் குண்டூசிகள். முகம் மலர்ந்து தலையை ஆட்டினாள். மகள் ஆனந்தத்தில் மிதந்தாள்.

தைத்த துணியை வாங்க வந்த பக்கத்து வீட்டு டீச்சர், "நீ புண்ணியம் படிக்கப் போறியாமே? எங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கோம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டபோதுதான் விஷயம் விளங்கியது. அம்மாவின் காதில் பெண்ணியம் புண்ணியமாக விழுந்திருக்கிறது. தைக்கக் கொடுத்தவர், வாங்க வந்தவர் எல்லோரிடமும் அவள் பூரித்துப்போய்ச் சொல்லியிருக்கிறாள். மகள் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் உண்மையை உரக்கப் பேச வேண்டும் என்று தோழிகளிடம் முழங்குகிறவள்தான். ஆனாலும், ஓர் எழுத்துதானே என்று தன் மனசாட்சியைத் தட்டித் தூங்க வைத்துவிட்டாள்.

"வாடி என் மருமகளே!" அத்தை அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "நம்ம வீட்ல ஊசி போட்டவ உண்டு, ஊசியில தைக்கிறவ உண்டு. புண்ணியம் படிக்கப் போறவ நீ ஒருத்திதான். என்னதான் சொல்லித் தருவாங்க? சொல்லு, கேட்போம்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா குண்டூசிகளோடு புன்னகைத்தாள்.

"அது வந்து அத்தை... ஒரு நாட்டுல பொம்பளைங்க எல்லாரும் ஒரு நாள் முழுக்க அடுப்பே பத்த வைக்கலை."

"விரதம்!"

"ஜெயில்ல இருந்துகிட்டே பட்டினி கிடந்தாங்க சில பேர்."

"அடேயப்பா, கடும் விரதம்!"

"அப்புறம் எல்லாரும் சேர்ந்து ரொம்பத் தூரம் நடந்தே போனாங்க."

"பாத யாத்திரை!" அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போதும்டி. உங்கப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன். கணக்கைத் தூக்கிக் கடாசு."

கிடைத்துவிட்டது! கனவு கைக்கு வந்துவிட்டது! எழுந்து உள்ளே போயிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அத்தை இன்னொரு வாக்கியம் பேசினாள்.

"இதெல்லாம் படிச்ச பொண்ணு அடக்கமா இருக்கும் பாரு. எதிர்த்து ஒரு வார்த்தை வராது."

பட்டினி கிடந்த அத்தனை பெண்களும் வரிசையாக வந்து தன்னை முறைப்பதுபோல் இருந்தது மகளுக்கு. எழுந்து நின்றாள். பிரகடனம் தானாக வெளியே வந்தது.

"அத்தை, அது புண்ணியம் இல்லை. பெண்ணியம்."

அம்மாவின் கத்தரிக்கோல் தரையில் விழுந்தது.

"என்னது?"

"பெண்ணியம் அத்தை. ஆம்பளைக்கு இருக்கிற உரிமை பொம்பளைக்கும் வேணும்னு உலகம் பூரா போராடினவங்களோட வரலாறு. அந்தப் பட்டினி விரதம் இல்லை, போராட்டம்."

அத்தையின் முகம் வார்டில் யாரோ மருந்தைக் கொட்டிவிட்டதுபோல் மாறியது. "அப்போ இவ்வளவு நேரம் என்னை ஏமாத்தினியா?"

"விரதம் விரதம்னு நீங்கதான் சொன்னீங்க. நான் திருத்தலை. அது தப்புதான் அத்தை."

"தப்பா? புருஷனை எதிர்த்துப் பேசறதுக்கெல்லாமா ஒரு படிப்பு? நான் படிக்காமலேயே பேசிக்கிட்டிருக்கேனே! வேணாம். கணக்கே படி. நான் உங்கப்பன்கிட்ட சொல்லிடறேன்."

இடிந்துபோனாள் மகள். பெண்ணின் வாழ்வு ஓர் எழுத்தில் தழைத்து, அதே எழுத்தில் கருகியது.

அப்போது அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நாத்தனாரின் முன்னால் அவள் இப்படி வாயைக் காலி செய்து யாரும் பார்த்ததில்லை.

"அவ அதையே படிக்கட்டும் அண்ணி."

"நீயுமா? உனக்கு அது என்னன்னு தெரியுமா?"

"பேர் இப்பத்தான் தெரியுது. ஆனா ராத்திரி நான் பட்டன் தைக்கிறப்போ தினம் அந்தக் கதையைத்தான் சொல்றா. நேத்து ஜெயில்ல பட்டினி கிடக்கிற அந்தம்மா வாயில குழாயை வெச்சு வலுக்கட்டாயமா ஊட்ட வராங்க, அதோட தூக்கம் வருதுன்னு படுத்துட்டா. எனக்குத்தான் தூக்கம் வரலை. பாதியில விடச் சொன்னா எப்படி அண்ணி?"

"அட, கதை கேக்கறதுக்காகவா?"

"கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கணக்குப் படிச்சா இவ எங்கிட்ட என்ன பேசுவா?"

மகள் அம்மாவைப் பார்த்த பார்வையில் ஏழு கடல் இருந்தது. தினம் இரவு தான் பேசியதெல்லாம் பட்டனோடு பட்டனாகப் போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தாள்!

அத்தை எழுந்தாள். "என்னை இதுல இழுக்காதே. உன் புருஷன்கிட்ட நீயே சொல்லிக்கோ."

"சொல்லிக்கிறேன் அண்ணி. ஏழு மணிக்கு வந்துடுவார்."

இப்படி ஒரு பதிலை அத்தை எதிர்பார்க்கவில்லை. வாசலில் செருப்பைத் தேடினாள், கண்ணெதிரே இருந்ததைக் காணாமல். மாட்டிக்கொண்டு படியிறங்கப் போனவள் நின்றாள். திரும்பவில்லை.

"குழாய் வெச்சாங்கன்னியே, மூக்கு வழியாவா, வாய் வழியாவா?"

"ரெண்டு விதமாவும் அத்தை" என்றாள் மகள் மெல்ல.

"மயக்கம் குடுக்காமலா?"

"குடுக்காம."

"படுபாவிங்க!" அத்தையின் குரல் உடைந்தது. "நான் இருந்திருந்தா அந்த ஜெயில் ஆஸ்பத்திரியையே கொளுத்தியிருப்பேன்." அடுத்த கணமே தொண்டையைச் செருமினாள். "அதுக்காக நான் சரின்னு சொல்லிட்டதா நினைச்சுக்காதே."

விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "குழாய் வெச்சாங்களே, அப்புறம் என்ன ஆச்சு?" என்று மகளைக் கேட்டாள்.