கோகிலவாணியின் மோதிர விரல்

கள்ளக்குறிச்சியில் ஹயாத் பாஷாவின் பிளெக்ஸ் கடைக்குப் போனால் கோகிலவாணியைப் பார்க்கலாம். பேனருக்கு டிசைன் போடுகிறவள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவள் கைபட்டது தனியாகத் தெரியும். ஆளைப் பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் மாதிரிதான் இருப்பாள். மனசில் ஒன்றை வைத்துவிட்டாளோ, தொலைந்தது! வேண்டுமானால் பகலவனைக் கேட்டுப் பாருங்கள்.

பேனரின் அடியில் ஓரமாக 'டிசைன்' என்று போட்டு ஒரு பெயரும் போன் நம்பரும் இருக்குமே, இந்தத் தொழிலில் பிழைப்பே அதுதான். அடுத்த ஆள் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவான். ஒருநாள் வேலையாகச் சங்கராபுரம் போனவள், கல்யாண மண்டபத்து வாசலில் தன்னுடைய மயிலைப் பார்த்தாள். அவள் வரைந்த அதே மயில், அதே தாமரை வளைவு. அடியில் பகலவன் பெயர், பகலவன் நம்பர்.

பகலவன் அதே கடையில் பிரின்ட் மெஷின் பார்க்கிறவன். அவளைத் 'தங்கச்சி' என்று வாய்நிறையக் கூப்பிடுகிறவன். அவள் சாயங்காலம் கச்சிராயபாளையம் பஸ்ஸைப் பிடிக்கப் போனதும், கடையில் விட்டுப்போன அவளுடைய லேப்டாப்பைத் திறப்பான். வேண்டியதை எடுத்து, பெயரை மாற்றி, தனியாக விற்பான். பாவி!

திறந்தது எப்படி? அந்த லேப்டாப் ரேகை வைத்தால் திறக்கும். ஆனால் அவள் ரேகைக்கு மசியாது. வாணி கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்துப் பெண். கடுக்காய் உடைத்தும் புளி தட்டியும் வலது கை ரேகையெல்லாம் தேய்ந்து கிடந்தது. கட்டை விரலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய் ரகசிய நம்பரைத் தட்டுவாள். "ரேஷன் கடைல எப்டி தங்கச்சி ஒனக்கு அரிசி போடறான்?" என்று பின்னால் நின்று சிரிப்பான் பகலவன். வாய்தான் சிரித்தது. கண் கீபோர்டில் இருந்திருக்கிறது.

கடை முதலாளி பாயிடம் சொல்லியிருக்கலாம். அவன் இல்லையென்று சத்தியம் பண்ணுவான். பாயும் சமாதானமாகப் போங்கம்மா என்று டீ வாங்கித் தருவார். டீயில் அடங்குகிற வயிற்றெரிச்சலா இது? நம்பரை மாற்றினாலும் பிரயோஜனமில்லை. ரேகை மசியாதவரை புது நம்பரையும் அவன் கண்ணெதிரில்தான் தட்டியாக வேண்டும். ஆகவே ரேகை வேலை செய்தாக வேண்டும், வைத்ததும் திறக்க வேண்டும். 'இருடா மவனே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதலில் ரேகை வைக்கிற இடத்தைத் துடைத்தாள். பேனர் ஒட்டுகிற பசை அங்கே ஏடாகப் படிந்திருந்தது. அதை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். காலையில் வேலை செய்தது, மத்தியானம் மறுபடி செத்தது. கரன்ட்டை மிச்சம் பிடிக்க லேப்டாப் அதைத் தூங்கவைத்துவிடுகிறது, பிறகு எழுப்புவதில்லை. செட்டிங்கில் தேடிப்பிடித்து அந்த டிக்கை எடுத்தாள். அப்புறமும் கட்டை விரல் படுத்தியது.

வீட்டில் புளி தட்டும்போதுதான் கையைக் கவனித்தாள். மற்ற விரல்களெல்லாம் மாடாய் உழைக்க, இடது கை மோதிர விரல் மட்டும் சொகுசாக நீட்டிக்கொண்டிருந்தது. ரேகை புத்தம்புதிதாக இருந்தது! மறுநாள் அந்த விரலையே லேப்டாப்பில் இரண்டு முறை பதிவுசெய்தாள். காய்ந்த கையோடு ஒன்று, சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு ஒன்று. நுனியையும் ஓரத்தையும் சாய்த்துச் சாய்த்துக் காட்டினாள். வைத்தால் திறந்தது. எடுத்து மறுபடி வைத்தாலும் திறந்தது.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. பழைய நம்பரையும் மாற்றவில்லை. அவன் பெரிதாக ஒன்றை விழுங்கட்டும் என்று காத்திருந்தாள். மெஷின் சத்தத்தில் கத்திப் பேசியே பழகினவன், ஒருநாள் போனில் ரகசியத்தையும் கத்தித்தான் பேசினான்: "மயிலு டிசைன் நான் போட்டதுதாங்க! வெள்ளிக்கெழம பாய் தொழுகைக்குப் போற நேரத்துல வாங்க!"

வியாழன் சாயங்காலம் நம்பரை மாற்றிவிட்டு பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போகிறவள்போல் வெளியே போய், சீக்கிரமே திரும்பினாள். சங்கராபுரத்துப் பிச்சைமுத்து, பேத்திகளின் காதுகுத்துக்குப் பேனர் கேட்டு வந்தவர், சொந்தக்காரர் போட்டோக்களோடு உட்கார்ந்திருந்தார். பகலவன் லேப்டாப்பின் முன்னால் வேர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

"தங்கச்சி, ஒருவாட்டி தொறந்து குடேன்."

வாணி வலது கட்டை விரலை வைத்தாள். லேப்டாப் மசியவில்லை. இன்னொரு தடவை, இன்னும் பொறுமையாக. "இன்னாண்ணா பண்றது, எடுக்க மாட்டேங்குதே."

"நம்பரப் போடேன்!"

"ஒனக்குத் தெரியாத நம்பராண்ணா? நீயே போடு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்க்கத்தானே இத்தனை பாடு! சாப்பிடாமலே அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பிச்சைமுத்து எழுந்துவிட்டார். "ஏம்பா, நீ போட்ட படத்துக்கு அந்தப் பொண்ணு கைய எதுக்குப் பாத்துக்கினு நிக்கிற?"

அப்போதுதான் வாணி இடது மோதிர விரலை வைத்தாள். பட்டதும் திறந்தது. மயில் தோகை விரித்து நின்றது.

"இதேதாம்மா! யாரு போட்டது?"

"நான்தாங்க. இவரு திருடி வித்துக்கினு இருக்காரு."

தொழுகை முடிந்து தொப்பியோடு உள்ளே வந்த பாய் காதிலும் அது விழுந்தது. இந்தத் தடவை டீ வரவில்லை.

ஆர்டர் வாணிக்கு வந்தது. பேனரை யார் போய்க் கட்டுவது என்று பாய் கேட்டபோது, "பகலவண்ணனே கட்டட்டும் பாய்" என்றாள். வேலை போகாமலிருக்க அவனும் தலையாட்டினான். காதுகுத்தன்று காலையில் சங்கராபுரத்தில் அவன் சாரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, சொந்தபந்தம் முழுக்கக் கீழே நின்று பார்த்தது. 'டிசைன்: கோகிலவாணி' என்பதை அவள் ஓரத்தில் போடவில்லை, அடிமுழுக்க நீளத்துக்குப் போட்டிருந்தாள். அவன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசி முடிச்சைப் போட்டான்.

"இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுண்ணா," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள் வாணி. "எம்பேரு மடிஞ்சிக்கினு இருக்குது."