போயாவுக்கு விரித்த பாய்

என் உடம்பைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை. லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தவளுக்கு என்ன வெட்கம்? சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருமினால் இந்தப் பக்கம் கொத்தமல்லி அவிப்போம். றக்வானைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில், கல்யாணமாகி ஆறு வருடமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை என்பது பஸ் கண்டக்டர் வரைக்கும் தெரிந்திருந்தது.

என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. போயாவுக்கு, பௌர்ணமி லீவுக்குத்தான் கடை பூட்டுவார்கள். பௌர்ணமியன்று விடிய வந்து இறங்குவார், மறுநாள் போய்விடுவார். நான் மாமியாரோடு இருந்து கொழுந்து பறித்தேன். பொங்கலுக்குள் ஒன்றும் தங்காவிட்டால் என்னை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமியார் முடிவு செய்திருந்தார். ஒளிவு மறைவெல்லாம் கிடையாது. சோறு போட்டுக்கொண்டே என் முகத்துக்கு நேரே சொன்னார்.

காரணமும் அவரே வைத்திருந்தார். ஏழாம் நம்பர் மலையில், முனி குடியிருக்கும் முனிக்கல் இருக்கிறது. தீட்டோடு யாரும் அதைத் தாண்ட மாட்டார்கள். கல்யாணமான புதிதில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு வந்துவிட்டது. பாதியில் போனால் அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம்தான் தருவார்கள் என்று வாயை மூடிக்கொண்டு நிரையை முடித்தேன். பிறகு ஒருநாள் புத்தி கெட்டுப்போய் அதை மாமியாரிடம் சொல்லித் தொலைத்தேன். "அது உன்ன விடல. மாசா மாசம் வந்து கேட்டு வாங்கிட்டுப் போகுது" என்றார். நான் சிரித்தேன். சிரிப்பு உள்ளே போகவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் சோதித்ததில் இரண்டு பேருக்கும் குறை ஒன்றும் இல்லை. கிளினிக் மிட்வைஃப்தான் வழி சொன்னார். சிங்களப் பெண், ஆனால் நம் தமிழ் நன்றாகப் பேசுவார். என்னை 'துவ', மகளே என்றுதான் கூப்பிடுவார். "துவ, காலையில கண்ணு முழிச்சதும், எழும்ப முன்னாடி, பேச முன்னாடி, இந்தத் தெர்மாமீட்டர நாக்குக்கு அடியில வச்சு சூடு பாருங்க. முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுன்னு படுற நாளையும் எழுதி வைங்க. அந்த நாள்லதான் தங்கும். அது முடிஞ்சதும் சூடு கொஞ்சம் ஏறும். திரும்ப இறங்கினா தீட்டு வரப் போகுதுன்னு அர்த்தம். தீட்டு வந்தா கலண்டர்ல சிவப்புல போடுங்க."

விடிய நாலரைக்கு வாய்க்குள் அந்தச் சாமான் பீப் என்று கத்தும். இருட்டுக்குள்ளிருந்து மாமியார் குரல் வரும்.

"என்னடி அது?"

"ஃபோன், மாமி."

"ஃபோனை வாய்க்குள்ள வச்சா பேசுற?"

கலண்டரில் போயா நாளுக்கு வட்டம் போட்டிருக்கும். முதல் மாதம் என் சிவப்புக் கோடு அந்த வட்டத்துக்குள்ளேயே விழுந்தது. இரண்டாம் மாதமும் அதே வட்டம்தான். மூன்றாம் மாதமும் தப்பவில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தூரமான பெண் எங்கள் வீட்டில் உள்ளே படுக்கக் கூடாது; காம்பரா அறைக்கு முன்னால், தகரம் இறக்கிய இஸ்தோப்புத் திண்ணையில் அவளுக்குத் தனிப் பாய். போயா அன்று நான் பல் துலக்க வெளியே வருவதற்கு முன்பே அந்தப் பாயை மாமியார் விரித்து வைத்திருப்பார். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் வந்திருக்காது. மத்தியானத்துக்குள் வந்துவிடும். பாயை விரிப்பதால்தான் வருகிறதோ என்று ஒரு நினைப்பு ஓடியது. ஐயோ, அந்தப் பாயைப் பார்த்தாலே எனக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்கும்.

ஆனால் கணக்கு வேறு ஒன்றைச் சொன்னது. வழுவழுப்பு நாட்கள் மூன்று மாதமும் அமாவாசையை ஒட்டியே வந்தன. அவர் வருவதோ பௌர்ணமிக்கு. அவர் உள்ளே படுப்பார், நான் வெளியே படுப்பேன். ஆறு வருடம் இப்படியே போயிருக்கிறது! கோபத்தில் கலண்டரைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

"அமாவாசைக்கு வாங்க" என்று ஃபோனில் சொன்னேன்.

"லீவு தர மாட்டாங்களே."

"காய்ச்சல்னு சொல்லுங்க. எத்தனை டிகிரின்னு நான் சொல்லித் தாறேன்."

வந்தார். மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அமாவாசையில எவன்டா வீட்டுக்கு வருவான்?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டுக்காரர் மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார். சூடு ஏறியது, ஏறியபடியே நின்றது.

பொங்கலுக்கு முந்திய போயா வந்தது. அன்றும் விடிய பாய் விரித்திருந்தது. மத்தியானம் போனது, பொழுதும் சாய்ந்தது. எனக்கு வரவில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை கக்கூஸுக்கு ஓடினேன். மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவையாகப் போயா அன்று உள்ளே, வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் படுத்தேன்.

விடிய பீப் சத்தம் கேட்டது. சூடு இறங்கவில்லை. சந்தோசத்தில் கதவைத் திறந்தேன்.

பாயின் நடுவில் சிவப்பாக இருந்தது.

அந்தப் பாயில் நான் படுக்கவே இல்லையே! சேலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். என்னிடம் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் சுவரோரம் மாமியார் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தலையில் துண்டைப் போட்டிருந்தார். மடியில் வெற்றிலைப் பை.

"கத்தாத. நான்தான் துப்பி வச்சேன்" என்றார். "ராத்திரி நான்தான் அதுல படுத்தேன். அது வந்து பாத்தா பாயில ஒரு பொம்பள கிடக்கா, சிவப்பும் இருக்கு. வாங்கிட்டு அப்படியே போயிரும். உள்ள வராது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னை விரட்ட நாள் குறித்த மனுசி இவர்! பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். ஐஸாகக் கிடந்தது.

"வந்துச்சா, மாமி?" விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை.

"வந்துச்சு. நான் கண்ணத் தொறக்கல."

என் மகளுக்கு இப்போது மூன்று வயது. மாமியார் இன்னும் போயாவுக்குப் போயா இஸ்தோப்பில்தான் படுக்கிறார். உள்ளே வாங்க என்றால், கதவைச் சாத்தச் சொல்கிறார்.