குழிக்குள் கால் தேய்க்கும் சத்தம்

ஓபரா அரங்கில் வாத்தியக்காரர்கள் மேடைக்குக் கீழே ஒரு குழிக்குள் இருந்துதான் வாசிப்பார்கள். ஒருவர் தன் தனிப்பகுதியை நன்றாக வாசித்துவிட்டால் மற்றவர்கள் கைதட்ட முடியாது, கையில் வாத்தியம் இருக்கிறது. அதனால் சப்பாத்துக் காலை மெல்லத் தரையில் தேய்ப்பார்கள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலாவை வாசிக்க நான் சேர்ந்த அந்தப் பழைய குழுவில் இது தலைமுறைகளாக வந்த வழக்கம். உலகப் போரில் அரங்கக் கட்டடம் எரிந்தபிறகு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் குளிர்கோட்டைக் கழற்றாமல் வாசித்த காலத்திலும் தேய்த்தார்களாம். இதைச் சொல்லும்போது எல்லாருக்கும் தேவாலயத்துக்குள் நிற்கிற முகம் வந்துவிடும்.

என்னைத் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வாசிப்பது யாரென்று தெரியக்கூடாது என்பது விதி. அதன்பிறகு ஒரு வருடம் சோதனைக்காலம், திரை கிடையாது. முடிவில் குழு முழுவதும் கூடி, கை உயர்த்தி, வைத்திருப்பதா அனுப்புவதா என்று தீர்மானிக்கும். அந்த வருடம் எனக்கு ஒழுங்கான நித்திரையே இல்லை.

பனிக்காலத்தில் எங்கள் பிரிவின் தலைவர் காய்ச்சலில் படுக்க, அவருடைய தனிப்பகுதி எனக்கு வந்தது. வாசித்து முடித்ததும் இருட்டுக்குள் கால்கள் தேய்ந்தன. கண் கலங்கி அடுத்த வரி எனக்குத் தெரியவில்லை. ஹம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை செய்துகொண்டிருந்த அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“காலாலையோ?” என்றார். அவருக்கு அது பிடிக்கவில்லை. விளக்கிச் சொன்னதும் குரல் மாறியது. “அப்ப உன்னை வைச்சிருப்பினம், பிள்ளை.”

நானும் அப்படித்தான் நம்பினேன். வாடகை அறைக்குப் புதிதாகத் திரைச்சீலைகூட வாங்கிவிட்டேன்.

வருட முடிவில் எனக்காக உயர்ந்த கைகள் போதவில்லை. பழைய இசை நடத்துநர்களின் படங்கள் மாட்டிய நடைவழியில் வைத்துப் பிரிவுத் தலைவர் அதைச் சொன்னார். நான் நன்றாகத்தான் வாசிக்கிறேனாம். ஆனால் குழுவுக்கென்று பரம்பரையாக ஒரு தொனி இருக்கிறதாம், என்னுடையது அதில் சேரவில்லையாம். திரைக்குப் பின்னால் இதே தொனியைக் கேட்டுத்தானே எடுத்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒப்பந்தம் முடியும்வரை வாசித்தேன். கடைசி நாள் ஒரு ஞாயிறு பிற்பகல் காட்சி. அப்பா மேல்மாடத்தில் இருந்தார். விடைபெறுகிறவர்களுக்கும் கால் தேய்ப்பது அங்கே வழக்கம். காட்சி முடிந்து நான் எழுந்ததும் குழி முழுக்கத் தேய்த்தது. அந்த வருடத்தில் அவ்வளவு பெரிய சத்தத்தை நான் கேட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைப் பூட்டினேன்.

ரயிலில் அப்பா வியோலாப் பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மேலே கைதட்டலில் அவருக்கு வேறொன்றும் கேட்கவில்லையாம்.

“இண்டைக்கும் தேய்ச்சவையோ?”

“ஓம் அப்பா. எல்லாரும்.”



“தேய்ச்சவை ஒருக்காக் கையைத் தூக்கியிருக்கலாம்,” என்றார். ஹம் வரும்வரை பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.