சீட்டின் அடியில் ஒரு பெயர்

“ஓனர் பேரு கேக்குது மாமி. யாரு பேரைப் போட?” என்று ஷமீரா கேட்டாள்.

இரண்டாயிரத்துப் பதினேழில், நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடந்த பேச்சு அது. கூத்தாநல்லூரில் ஹபீபுன்னிசாவின் வீட்டுக் கூடத்தில், தையல் மெஷின் பலகைமேல் லேப்டாப் உட்கார்ந்திருந்தது. பெண்கள் தொழும்போது தலையிலிருந்து போர்த்திக்கொள்ளும் மக்கனாவைத் தைத்து விற்பவள் ஹபீபுன்னிசா. வாட்ஸப்பில் வந்த ஆர்டர்கள் ஒன்றோடொன்று குழம்பத் தொடங்கியதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள் ஒன்றில் கடையைப் பதியலாம் என்று ஷார்ஜாவில் இருந்த தம்பி அன்சார் யோசனை சொன்னான். திரை முழுக்க இங்கிலீஷ். வரிக்கு வரி தமிழில் சொல்லத்தான் பக்கத்து வீட்டு ஷமீரா. மன்னார்குடிக் கல்லூரியில் பி.காம். முடித்தவள், கேட்டால் மட்டும் பேசுகிறவள்.

“அன்சார் பேரைப் போடு” என்றாள் ஹபீபுன்னிசா.

போனில் வீடியோவில் இருந்த அன்சார் சிரித்தான். “என் பேரு எதுக்கு லாத்தா? மக்கனா கடை மொதலாளின்னு தெரிஞ்சா ரூம்ல இருக்கிறவனுவ மானத்தை வாங்கிடுவானுவ. ஒன் பேரையே போடு.”

“பேரைப் போட்டா நம்பரும் கேக்கும். என் நம்பர் கண்டவன் கையில சுத்தவா? ஹாஜா மைதீன் மச்சான் காதுல விழுந்தா மெஷினையே தூக்கச் சொல்லிடுவாங்க.” ஹாஜா மைதீன் இறந்துபோன கணவருடைய அண்ணன். அவள் குடியிருந்தது அவர் வீட்டின் பின்பாதியில்.

“அதுக்கு நான்தான் கெடைச்சேனா?”

“வேற யாரு இருக்கா எனக்கு? பேருதானே. போட்டு வை.”

ஷமீரா அன்சாரின் பெயரையும் நம்பரையும் அடித்தாள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: உரிமையை மாற்ற உரிமையாளரால் மட்டுமே முடியும். அதை அவள் படித்தாள். அதுவரை எல்லா வரியையும் தமிழில் சொன்னவள் இந்த ஒன்றைச் சொல்லவில்லை. அக்காள் தம்பிக்கு நடுவில் போய் அதை எப்படிச் சொல்வது என்று தோன்றிவிட்டது. பட்டனை அழுத்தினாள். கடை பதிவாகிவிட்டது.

அந்தக் கடை பிறந்தது, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில். கணவர் ஜெய்னுலாபுதீன் ரியாத்தில் இறந்து அங்கேயே அடக்கமானார். கபரைக்கூடப் பார்க்காத ஹபீபுன்னிசா நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்தபோது, லேஸ் எதுவும் வைக்காமல் தனக்கென ஒரு வெள்ளை மக்கனா தைத்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் துணியைத் தொட்டுப் பார்த்து, தங்களுக்கும் வேண்டும் என்றார்கள்.

புது ஆளிடமிருந்து ஆர்டர் வந்தால் அவளே கூப்பிட்டுப் பேசாமல் துணியை வெட்ட மாட்டாள். ஆர்டரில் இருப்பது பெரும்பாலும் கணவன் பெயர், இல்லாவிட்டால் மகன் பெயர். உடுத்தப்போகிறவளின் பெயர் எவர் வீட்டிலிருந்தும் வராது. அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, வீட்டுப் பெண்ணிடம் கொடுக்கச் சொல்லி, உயரம், உடம்பு, வீட்டு விசேஷம் எல்லாம் கேட்பாள். அவள் சொல்லச் சொல்ல ஷமீரா ஆர்டருக்குப் பக்கத்தில் இருந்த குறிப்புக் கட்டத்தில் அடிப்பாள். முட்டி வலி, நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவர், முன்பக்க நீளத்தைக் குறை. புதுப்பெண், லேஸ் தாராளமாக வை. இத்தா வீடு, லேஸ் வேண்டாம்.

இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அவளுக்குத் திரையின் நிறங்கள் தெரியும். மஞ்சள் என்றால் அனுப்பவேண்டியது, பச்சை என்றால் போய்ச் சேர்ந்தது, சிவப்பு என்றால் திரும்பி வந்தது. அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு வந்து, “செவப்பு இல்லேல்ல?” என்று கேட்பாள். பெரும்பாலும் இருக்காது.

ஒருநாள் பார்சலோடு போகும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எங்காவது தன் பேர் வருமா என்று கேட்டாள். ஷமீரா தேடிப் பார்த்தாள். கடைப் பெயரும் உரிமையாளர் பெயரும் வரும். அடியில், பேக் செய்தவர் பெயர் வரும். அதற்கு அவளை வேலையாளாகப் பதியவேண்டும்.

“என் கடையில நான் வேலையாளா? போ புள்ள” என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ஷார்ஜா கம்பெனி மூடப்பட்டது. அன்சார் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகள், நாற்பது வயது, ஊரில் வேறு வேலை கிடையாது. ஒரு வாரம் லாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். இரண்டாவது வாரம் பாஸ்வேர்டு மாறியது. உயரம் கேட்டுத் தைப்பதெல்லாம் நின்று, சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே அளவு வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே நீல லேஸ். போன் பேசுவது நேர விரயம் என்றான். குறிப்புக் கட்டத்தைத் திரையிலிருந்து மறைத்தான். ஷமீராவுக்கு ஆர்டர் பதிவு; அக்காளை வேலையாளாகப் பதிந்து பேக்கிங்கில் போட்டான்.

ஹபீபுன்னிசா சண்டை போட்டாள். அன்சார் குரலை உயர்த்தவில்லை.

“கடை யாரு பேருல இருக்கு லாத்தா? நான் வேணாம்னுதானே சொன்னேன்?”

ஹாஜா மைதீனிடம் போய் நின்றாள். ஆம்பளை வந்த பிறகு பொம்பளைக்கு என்ன கவலை, ஓய்வாக இரு என்றார் அவர். ஷமீரா அவளுக்காக மென்பொருள் கம்பெனிக்கு இங்கிலீஷில் மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: உரிமையாளர் எழுதவேண்டும். அவள் படித்துவிட்டுச் சொல்லாமல் விட்ட அந்த வரியேதான். இந்த முறை அதைத் தமிழில் சொன்னாள். “இது அப்பவே இருந்துச்சா?” என்று ஹபீபுன்னிசா கேட்டாள். இருந்தது என்று ஷமீரா தலையாட்டினாள். ஹபீபுன்னிசா எழுந்துபோய் அட்டைப் பெட்டிகளை மடிக்கத் தொடங்கினாள்.

அந்த மழைக்காலத்தில் குத்தாலத்திலிருந்து ஃபஹத் என்ற பெயரில் ஓர் ஆர்டர் வந்தது. நடுத்தர அளவு, இரண்டு. ஹபீபுன்னிசா மடித்து, பெட்டியில் வைத்து, சீட்டைப் போட்டு ஒட்டினாள். எட்டாம் நாள் பார்சல் திரும்பி வந்தது. திரையில் சிவப்பு.

ஃபஹத், கமருன்னிஸாவின் மகன். ஹபீபுன்னிசா இத்தாவில் இருந்தபோது துக்கம் கேட்க வந்து முதல் மக்கனா கேட்டவள் இந்தக் கமருன்னிஸாதான். பிறகு குத்தாலத்துக்குக் குடிபோனவள். இப்போது அவளுடைய கணவர் இறந்துவிட்டார். இத்தா வீடு, லேஸ் வேண்டாம் என்று ஆர்டரிலேயே மகன் எழுதியிருந்தான். எழுதியது மறைந்து கிடந்த கட்டத்தில். பழைய நாளாக இருந்தால் ஒரு போனில் தெரிந்திருக்கும்.

பெட்டிக்குள் நீல லேஸ் மக்கனாக்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. மேலே சீட்டு. அதன் அடியில், பேக் செய்தவர்: ஹபீபுன்னிசா என்று அச்சாகியிருந்த இடத்தில் பேனாவால் கோடு இழுத்து, பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது: ‘நீ இருந்த இத்தாவை மறந்துட்டியா?’

இங்கிலீஷில் தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஷமீராவிடம் கேட்டு, ஹபீபுன்னிசா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். கூடத்தில் அன்சார் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“புள்ள, இந்தச் சீட்டுலேர்ந்து என் பேரை எடுத்துடேன்.”